தேய்த்து மறைத்த புடைப்பு

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் அடித்தள அறைக்குள் நுழைந்ததுமே மெஷ்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டான். ஈரப் பஞ்சில் பழைய ரத்தம் ஊறிக் கிடக்கும் வீச்சம். குப்பைக்கூடையைப் பார்த்தான்; காலியாகத்தான் இருந்தது.

ஸ்கேனில் தெரியும் ரத்தக்குழாயைக் கணினியில் லட்சக்கணக்கான குட்டி முக்கோணங்களாகப் பிரித்து மெஷ் என்கிற வலையைப் பின்னுவது அவன் வேலை. அந்த மெஷ்ஷை வைத்துத்தான் ரத்தம் எங்கே முட்டும், குழாய் எங்கே கிழியும் என்று கணக்குப் போடுவார்கள். ஒரு முக்கோணம் சப்பையாக நசுங்கினாலும் கணக்குப் படுத்துவிடும். அந்த இடம் திரையில் சிவந்து நிற்கும். முறையாகத் திரும்பப் பின்ன அரை நாள் ஆகும். சோம்பேறிக்கு ஒரு குறுக்குவழி உண்டு: ஸ்மூத்திங் போட்டு அந்த இடத்தை மழமழவென்று தேய்த்துவிடுவது.

போன வாரம் ஒரு பெரியவரின் குழாயில் இருந்த கடுகளவு புடைப்பை அப்படித்தான் தேய்த்தான். ஆபரேஷன் மேஜையில் சரியாக அந்த இடம்தான் வெடித்தது. அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இன்றைக்கு ஒரு டீச்சரம்மா. நாலு மணிக்கு ஆபரேஷன். ஸ்கேனில் கீழே ஓர் அடைப்பைத் தவிரக் குழாய் சுத்தம். ஆனால் மெஷ்ஷில், பெரியவருக்கு இருந்த அதே இடத்தில், அதே கடுகளவு சிவந்த புடைப்பு.

தேய்த்தான். போனது.

திரும்ப வந்தது, பட்டாணி அளவில்.

மெஷ் அசையாது. இது துடித்தது.

கையில் மவுஸ் பிசுபிசுத்தது. விரல்களைப் பிரித்தால் பழுப்பாகச் சீழ் நூல் நூலாக இழுத்தது. சாப்பிட்டதெல்லாம் குப்பைக்கூடைக்குள் போயிற்று. அந்தச் சீழைவிடத் தன்னை நினைத்துத்தான் அவனுக்கு அதிகம் குமட்டியது.

போன் அடித்தது. பெரிய டாக்டர். மெஷ் தன் திரையிலும் தெரிகிறது, புடைப்பைச் சரியாகப் பிடித்தாய் என்று பாராட்டினார். முதலில் அதைத்தான் வெட்டி எடுக்கப்போகிறாராம்.

நல்ல குழாயில் கத்தி. வாயை மூடிக்கொண்டால் டீச்சரம்மா உயிர் போகும். திறந்தால் இவன் பிழைப்பில் மண்.

"வெட்டாதீங்க சார். அது அந்தம்மாவோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"போன வாரம் செத்தாரே, அவரோடது. நான்தான் தேய்ச்சு மறைச்சேன்."

டாக்டர் அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டு ஏதோ சொன்னார். பிறகு, ஆபரேஷனை நிறுத்திவிட்டேன், நீ இடத்தை விட்டு நகராதே என்றார். திரையில் புடைப்பு மெல்ல அமுங்கிக் காணாமல் போனது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

"நீ தேய்ச்சது இது ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் சார்."

சுத்தமான குழாயில் வேறோர் இடம் சிவந்து, எழும்பி, துடிக்க ஆரம்பித்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று.