நான் அமுக்கிய குடம்

“சீமைக் கடல்ல போனவள நம்ம கெணத்தாண்ட நின்னு கூப்ட்டா வந்துருவாளா? நீயே சொல்லு கிளி.”

“வருவா அண்ணி. எல்லாம் தண்ணிதான?”

“வரமாட்டா. அவளுக்கு அங்கதான் புடிச்சிருந்துச்சு.”

“அப்ப ரஞ்சித்து கல்யாணத்த பூவாடை கும்புடாமலே பண்ணப் போறீங்களா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பேஜாரு படறது?”

“எம் பொண்ண சாமி ஆக்காதடி! அவ கட்டிட்டு விட்டுட்டுப்போன துணியகூட வாசன போயிடும்னு நான் இன்னும் தோய்க்கல.”

படையலுக்குச் சேலை வாங்கத் திண்டிவனம் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தேன். சமையல்கட்டில் என் மனைவி கிருஷ்ணவேணியும் என் தங்கை கிளியம்மாளும் போட்ட சண்டை தோட்டம் வரை கேட்டது. உள்ளே போகாமல் பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இரண்டு பேர் சொல்வதும் சரி என்றுதான் எனக்குப் பட்டது.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணைப் பூவாடை என்று கும்பிடுவோம். வீட்டில் நல்ல காரியம் வந்தால் முதலில் அவளைத் தண்ணீரிலிருந்து குடத்தில் அழைத்து வருவோம். பூ சுற்றிய வெறுங்குடத்தைக் கயிறு கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பம்பை மேளம் அடித்துக் கூப்பிட வேண்டும். குடம் தானாகச் சாய்ந்து தண்ணீர் மொண்டால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். யாரும் கைவைக்கக் கூடாது.

எங்கள் பூவாடை, எங்கள் மகள் கலைப்பிரியா.

அவளைப் பயந்தாங்கொள்ளியாக வளர்த்தது நான்தான். எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். அந்தப் பயத்தை அவளுக்கும் ஊட்டிவிட்டேன். எங்கள் நிலத்தில் கல்படி வைத்த பழைய கிணறு ஒன்று உண்டு. அதை எட்டிப்பார்த்தாள் என்று ஒருநாள் அடித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றால் வாசலுக்குள்ளேயே நின்று, வலது கால் கட்டைவிரலை இடது கால்மேல் ஏற்றிக்கொண்டு கேட்பாள்.

“அப்பா, போவட்டுமா?”

வேண்டாம் என்பேன். மறுபேச்சுப் பேசமாட்டாள்.

நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போன பிறகு வேறு பெண்ணாகிவிட்டாள். முதலில் தனியாக பஸ்ஸில் ஊர் சுற்றினாள். பிறகு மலை ஏறினாள். அப்புறம் நீச்சல். தினமும் காலை எட்டு மணிக்குப் பனி மாதிரி இருக்கும் கடலில் இறங்கி, வீடியோ எடுத்து அனுப்புவாள். அதில் அப்படிச் சிரிப்பாள். எங்கள் வீட்டில் இருபத்துமூன்று வருஷத்தில் அவள் ஒருநாள்கூட அப்படிச் சிரித்ததில்லை. நான் ஒரு வீடியோவுக்கும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. “வாணாம்மா, வந்துடு” என்றுதான் அனுப்புவேன்.

போன வருஷம் ஜனவரியில் ஒருநாள் இறங்கியவள் ஏறவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

கடைசியில் கிளியம்மாள்தான் ஜெயித்தாள். எங்கள் பையன் ரஞ்சித் கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் கிணற்றடியில் குடம் விட்டோம். பம்பைக்கார மாசிலாமணி இரண்டு மணி நேரம் அடித்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். காற்றில்லாத கிணற்றில் குடம் எதிர்ப்பக்கச் சுவருக்குப் போய் ஒட்டிக்கொண்டது. கயிற்றால் இழுத்தால் வரும். விட்டால் மறுபடி போய்விடும்.

“பொண்ணுக்கு வர இஷ்டமில்லீங்க” என்று மாசிலாமணி என் காதோடு சொன்னார்.

என்னால் தாங்க முடியவில்லை. கடைசியாக ஒருமுறை அவர் பம்பையை எடுத்தபோது எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் தொடும் படிவரை இறங்கினேன். கயிற்றை இழுத்தேன். குடத்தின் வாயைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினேன்.

குபுக் என்று நிறைந்தது.

“வந்துட்டா, வந்துட்டா” என்று மேலே கத்தினார்கள். தூக்கித் தோளில் வைத்தேன். சித்திரை வெயிலில் அந்தக் குடம் ஐஸ்கட்டி மாதிரி இருந்தது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பையனும் மருமகளும் சென்னைக்குப் போய்விட்டார்கள். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் குடத்துத் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றிவிட வேண்டும். கிருஷ்ணவேணி விடவில்லை. கூப்பிடவே கூடாது என்று சண்டை போட்டவள், சாமி அறையில் குடத்துக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் மத்தியானம் ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மரக்காணம் பக்கம் போனால் அடிக்குமே, அந்த உப்பு வாசனை வந்தது. தரையைப் பார்த்தேன்.

ஈரக் காலடி.

சாமி அறையிலிருந்து தெருக்கதவு வரை வந்து, நிலைப்படிக்கு உள்ளேயே நின்றிருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. தாண்டிப் போகவில்லை. இடது பாதம் முழுசாகப் பதிந்திருந்தது. வலது பாதத்தில் கட்டைவிரல் இல்லை.

அது இடது கால்மேல் ஏறியிருந்தது.

தினமும் அதே நேரத்துக்கு வந்தது. அயர்லாந்தில் அப்போது காலை என்று தோன்றி, போனில் நேரம் பார்த்தேன். அவள் வீடியோ அனுப்பிய குளிர்கால மாதங்களில் நம் ஒன்றரை மணி அவர்களுக்கு எட்டு மணி. அவள் கடலில் இறங்கும் நேரம்.

ஏழாம் நாள் குரல் கேட்டது. காதுக்குப் பக்கத்திலேயே.

“அப்பா, போவட்டுமா?”

இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிருஷ்ணவேணி தூங்கிக்கொண்டிருந்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றில் கவிழ்த்தேன். “போயிட்டு வாம்மா. அப்பாதான் தப்பு பண்ணிட்டேன்” என்று சொல்லி அழுதேன்.

திரும்பி வந்தபோது குடம் இருந்த வெறும் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள் கிருஷ்ணவேணி.

“எங்கங்க ஊத்துனீங்க?”

சொன்னேன். குடத்தை அமுக்கியதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. “அவளா வரலியா அப்ப?” என்று மட்டும் கேட்டாள். அதைவிட ஓங்கி அறைந்திருக்கலாம்.

இரண்டு நாள் தரை காய்ந்தே கிடந்தது. மூன்றாம் நாள் ஒன்றரைக்குக் கிருஷ்ணவேணியைக் காணவில்லை. ஓடினேன். தண்ணீர் தொடும் படியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைவிடத் தண்ணீருக்குப் பயந்தவள் அவள்.

“இன்னா பண்ணிக்கினு கீற? மேல வா!”

“கத்தாதீங்க. அவ புடிச்சிக்கினு இருக்கா. மொதல்ல சில்லுனு தான் இருக்குமாம். மூச்ச இஸ்து விட்டா சரியாப் போயிருமாம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வீடியோவில் பார்த்த அதே சிரிப்பு.

மறுநாள் அடுத்த படி. அதற்கு மறுநாள் இடுப்பளவு. தினம் ஒரு படி.

முந்தாநாள் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒன்றரை மணிக்குக் கதவண்டை வந்து நின்றாள். வலது கால் கட்டைவிரலை இடது கால்மேல் ஏற்றிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் என் மனைவி அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

“போவட்டுமா?”

திறந்துவிட்டேன்.

நேற்று கழுத்தளவு. ஏறி வந்தபோது கல்படியில் கிருஷ்ணவேணியின் ஈரக் காலடி ஒரு ஜோடி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி. இரண்டும் எங்கள் வீடுவரை வந்தன. கிணற்றுக்குத் திரும்பிப்போன தடம் எங்கேயும் இல்லை.

இப்போது காலை பத்து மணி. உள்ளே கிருஷ்ணவேணி யாருடனோ பேசிக்கொண்டே தலை பின்னுகிறாள். இன்றைய படியில் தண்ணீர் அவள் தலைக்கு மேல் போய்விடும். கதவைப் பூட்டினால், மகளுக்குச் செய்ததையே இவளுக்கும் செய்தவனாவேன். பூட்டாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பூவாடை கும்பிடுகிற குடும்பத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். கதவைப் பூட்டட்டுமா, இல்லை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கட்டுமா? ஒன்றரை மணிக்குள் பதில் போடுங்கள்.