கறுப்பு பிஷப் நின்ற கட்டம்

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சீனிவாசகத்தைத் தேடி, சூலக்கரை வீட்டுக்குப் பாண்டிச்செல்வி வந்தாள். அவரிடம் ஏட்டாக இருந்த அய்யாதுரைதான் அவளை உட்காரச் சொன்னார்.

“சிவகாசி செஸ் போட்டியில கறுப்புக் காய் ஆடி ஜெயிச்சேன் சார். களவாண்டு ஜெயிச்சேன்னு முடிவ நிப்பாட்டி வச்சிருக்காக. சாயங்காலத்துக்குள்ள மாநிலப் போட்டிக்குப் பேரு அனுப்பணும்.”

எதிரே ஆடியவள் பிரீத்தி. பட்டாசு ஆலை முதலாளி ராஜபாண்டியனின் அக்கா மகள். ராணியின் கேம்பிட் என்ற பழைய தொடக்க முறையில் ஆட்டம் ஆரம்பித்தது. நடுவே இருமல் வந்து பிரீத்தி தண்ணீர் குடிக்கப் போனாள். அந்நேரம் பாண்டிச்செல்வி தன் பிஷப் காய் ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டாள் என்பது புகார். விரைவு ஆட்டம் என்பதால் நகர்வுகளை யாரும் எழுதவில்லை.

“புகார் சொன்னது பிரீத்தியா?”

“அவ வாயே தொறக்கல சார். அவ மாமாதான்.”

போட்டி நடந்த கல்யாண மண்டபத்துக்கு மூவரும் போனார்கள். பலகை கலைக்கப்படாமல் இருந்தது. அந்தப் பிஷப்பில் வெள்ளிப் பொடி மின்னியதைக் கண்டதும் அய்யாதுரைக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாண்டிச்செல்வி பட்டாசு வேலைக்குப் போகிறவள்.

“சார், தடயம்.”

“அவ காயை அவ தொடாம யாருய்யா தொடுவா?” என்ற சீனிவாசகம், அங்கே நின்ற ராஜபாண்டியனிடம் திரும்பினார். “எங்கன இருந்து எங்கன தள்ளுச்சு? காட்டுங்க.”

“அவ ராஜாவுக்கு முன்னால நின்னுச்சு. பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளிட்டா. முடியிற வரைக்கும் அங்கனயேதான் நின்னுச்சு.”

“குறுக்காவா?”

“நேர் பக்கவாட்டுல. என் கண்ணால பார்த்தேன்.”

“அய்யாதுரை, முன்னால அது நின்னதா சொல்ற கட்டம் என்ன நிறம்?”

“கறுப்பு சார்.”

“இன்னொரு கறுப்பு பிஷப் நிக்கிற கட்டம்?”

“அதுவும் கறுப்புதான்.” சொன்ன பிறகுதான் அய்யாதுரைக்கு உறைத்தது.

“பிஷப் குறுக்காதான் போகும். எம்புட்டுத் தூரம் போனாலும் நின்ன நிறம் மாறாது. ஒருத்தருக்கு வெள்ளைக் கட்டத்துல ஒண்ணு, கறுப்புக் கட்டத்துல ஒண்ணு. நீங்க சொல்றது நெசம்னா, ரெண்டும் கறுப்புல நின்னிருக்கணும். அது நடக்காது. செஸ் ஆடுற யாரும் இப்படிப் பொய் சொல்ல மாட்டாங்க. எங்கன இருந்து எங்கனன்னு இதுவரைக்கும் யாரும் உங்கள கேக்கல, அம்புட்டுதான்.”

ஓரமாக உட்கார்ந்திருந்த பிரீத்தி எழுந்தாள்.

“விடுங்க மாமா. நான் தோத்துட்டேன்.”

பாண்டிச்செல்வியின் பெயரை எழுதி அனுப்பினார்கள். வாசலில் பிரீத்தி கையை நீட்டினாள். “நீ தள்ளலன்னு எனக்கு அப்பவே தெரியும். மாமா முகத்தைப் பார்த்துப் பயந்துட்டேன்.”

பாண்டிச்செல்வி அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பிடித்தாள்.

“என் முகத்தையும் ஒருக்கா பார்த்திருக்கலாம்ல” என்றாள்.