நாற்பதாவது கடை

"மேல பழம், அடியில கல்லு மாதிரி காயி! இதுக்குப் பேரு என்னங்க?"

பழநி ரோட்டோரம் குட்டியானை லோடு வண்டியில் ஆயக்குடி கொய்யா விற்றுக்கொண்டிருந்தவன் முன்னால் பையைக் கவிழ்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள் ஐரின். திண்டுக்கல் டவுன்காரி. எம்.பி.ஏ. படிக்கிறவள். வாய்க்குக் கேட்கணுமா!

வணிக நெறிமுறைப் பாடத்துக்கு ஓர் ஆய்வு. நாற்பது கடைகளில் பழம் வாங்கி, மேலே நல்லதை வைத்து அடியில் மட்டமானதைத் தள்ளுகிறார்களா என்று பார்க்க வேண்டும். "பாதிப் பேராவது ஏமாத்துவாங்க, பாருங்க மேடம்" என்று பேராசிரியையிடம் சவால் வேறு விட்டிருந்தாள். பாடப்புத்தகம் முழுக்க மோசடிக் கதையாகவே படித்தால் வேறென்ன தோன்றும்? ஆனால் முப்பத்தொன்பது கடை முடிந்தும் ஒருத்தர்கூடச் சிக்கவில்லை. நத்தம் ரோட்டு அங்காளம்மாள் கொசுறாக ரெண்டு மாம்பழம் போட்டு, "வெயில்ல அலையாத தாயி" என்று புத்தி வேறு சொல்லி அனுப்பினாள்.

அப்பாடா... கடைசியில் ஒருத்தன் மாட்டினான்!

அவன் நிமிர்ந்தான். அடடா... என்ன கண்கள்! கோபத்திலும் சிரிக்கிற மாதிரி... 'சீ, ஏமாத்துக்காரனுக்கு எதுக்கு இப்படியொரு கண்ணு?'

"ஏனுங்க, கனிஞ்சத அடியில போட்டா நசுங்கிப்போயிருமுங்க. மேல இருக்கறத இன்னிக்குத் தின்னுங்க. அடியில இருக்கறது ரெண்டு நாள்ல தானாப் பழுத்துருமுங்க."

"நல்லாத்தான் கதை விடுறீங்க! பேரு?"

"விக்னேஷ்குமாருங்க."

எழுதினாள். பக்கத்தில், 'ஏமாற்று - ஆம்'.

சடசடவென்று மழை. அவள் காகிதங்களைப் பொத்திக்கொள்வதற்குள் அவன் தார்ப்பாயை இழுத்து அவள் தலைக்கு மேல் பிடித்துவிட்டான். அப்போதுதான் அந்த வரி அவன் கண்ணில் பட்டது. முகம் சுண்டிப்போயிற்று.

"மூணு வருசமா இங்கதானுங்க நிக்கறேன். இந்தச் சொல்ல ஒருத்தரும் சொன்னதில்லீங்க. காசத் திருப்பி வாங்கிக்குங்க."

சொன்னானே தவிர, தார்ப்பாயை விடவில்லை. அவன் முதுகெல்லாம் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தது.

காசை வாங்க அவளுக்கு ரோஷம் விடவில்லை. மழை விட்டதும் பழத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை, ஆய்வை வகுப்பில் வாசிக்க வேண்டிய நாள். பையைத் திறந்தால்... கமகமவென்று வாசனை! ஒன்றுகூட நசுங்காமல் அத்தனையும் பழுத்திருந்தன.

'எம் பேப்பர் நனையக் கூடாதுன்னு தான் நனைஞ்சவனையா...! இன்னும் ரெண்டு மணி நேரத்துல அம்புட்டுப் பேரு முன்னாடியும் அவன் பேரைக் கெடுக்கப் போறேனா?'

சாயங்காலம் கல்லூரியிலிருந்து நேராக வண்டிக்கு வந்து நின்றாள்.

"உங்க பேரை கிளாஸ்ல வாசிச்சேன்."

பழம் அடுக்கிக்கொண்டிருந்த அவன் கை அப்படியே நின்றது. "என்னன்னுங்க?"

"'நாப்பது கடையில நடந்தது ஒரே ஒரு தப்பு, விக்னேஷ்குமார் கடையில. அதைப் பண்ணுனது நான்'னு."

அவளுக்கு நிறுத்த முடியவில்லை.

"சவால்ல தோத்துட்டேங்க. தோத்ததுல இம்புட்டு சந்தோசம் இருக்கும்னு சத்தியமாத் தெரியாது. ஊருல நல்லவங்கதாங்க சாஸ்தி!"

"எங்கிட்டக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனுங்களே!" சிரித்துவிட்டான். கண்ணும் சேர்ந்து சிரித்தது.

"இன்னொன்னும் சொல்லணும்..." துப்பட்டா முனையைச் சுருட்டினாள். "எனக்கு... உங்களைப் புடிச்சிருக்கு."

வாயாடி ஐரின் நிலத்தைப் பார்த்து நின்றாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

"வீட்டுல அப்பா எப்பங்க இருப்பாரு?"

"எதுக்கு?"

"மூணு நாளா நீங்க போன திக்கையே பாத்துட்டு நிக்கறனுங்க. ரோட்டுல வெச்சுப் பேசறது மொறையில்லீங்க. ஞாயித்துக்கெழம எங்கப்பன் ஆத்தாளக் கூட்டிட்டு வரட்டுங்களா?"

அவள் நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"காலைல சர்ச்சுப் பூசைக்குப் போயிருவோம்... பத்து மணிக்கு மேல வாங்க."