நாகம்மாளின் கையெழுத்து

"உங்க ஹவுஸ் ஓனரம்மா செத்துட்டாங்க சார்!"

காலை ஒன்பதே கால். சென்னீர்குப்பத்தில், மூன்றாவது மாடியில், தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த தினகரனின் கை அப்படியே நின்றது.

"ராங் நம்பர் சார். எனக்கு ஓனரே கிடையாது. இது என் சொந்த ஃபிளாட்."

போனில் ஒரு சிரிப்பு.

"அப்டியா? ஹெட் கான்ஸ்டபிள் இருதயராஜ் பேசறேன். வேப்பம்பட்டு நாகம்மாள்... மாசம் இருபத்தஞ்சாயிரம் வாடகை... நீ குடுத்த ரசீது என் கைல கீது நைனா. கிளம்பி வா. இன்ஸ்பெக்டரம்மா குந்திகினு கீறாங்க!"

தினகரன் தட்டைத் தள்ளி வைத்தான்.

நாகம்மாள்...!

இரண்டு வருடத்துக்கு முன்பு வரை அவள் வீட்டின் முன்பக்கப் போர்ஷனில் அவன் குடியிருந்தது உண்மை. பிறகு வங்கிக் கடன் வாங்கி இந்த ஃபிளாட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் ஆபீஸ் கணக்கில் மட்டும் அந்த வீட்டை அவன் காலி செய்யவே இல்லை! வருடா வருடம் வாடகை ரசீது. அதில் நாகம்மாளின் பான் நம்பர். ரெவின்யூ ஸ்டாம்ப். வாடகைப்படிக்கு வரி விலக்கு.

யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தான்.

போலீஸ் வந்து பார்த்துவிட்டது!

* * *

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஜெயப்பிரியாவுக்கு எதிரே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஹேமநாதன்! தினகரனின் கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்ப்பவர். எல்லாருடைய ரசீதுகளும் அவருடைய பீரோவில்தான் தூங்கும்.

"உக்காருங்க தினகரன். நேத்து சாயங்காலம் நாகம்மாள் பாடி அவங்க கிணத்துல மிதந்தது. கிணத்து மேட்டுல, கல்லுக்கு அடியில இது."

ஒரு வெள்ளைத் தாள்.

'நான் வாங்காத வாடகையை என் பேரில் காட்டி, வருமான வரி நோட்டீஸ் வரவைத்தவன் என் குடித்தனக்காரன் தினகரன். கேட்டதற்கு மிரட்டினான். அவமானம் தாங்கவில்லை. என் சாவுக்கு அவனே காரணம்.'

கீழே கையெழுத்து. நாகம்மாள்.

தினகரன் தாளை இரண்டு தடவை படித்தான்.

"மேடம்... நான் அவங்களைப் பாத்தே ரெண்டு வருஷம் ஆச்சு!"

"அது நீங்க சொல்றது. லெட்டரை அவங்க வேற யாரையாவது விட்டு எழுத வெச்சிருக்கலாம். கையெழுத்து அவங்களோடதுதானே?" ஜெயப்பிரியா ரசீதுக் கட்டைப் பக்கத்தில் வைத்தாள். "நீங்க ஆபீஸ்ல குடுத்த ரசீது. ஹேமநாதன் சார் கொண்டுவந்தார். ரெண்டுலயும் அதே வளைவு, அதே சுழி. தற்கொலைக்குத் தூண்டின கேஸ். பத்து வருஷம் வரைக்கும் போகும்!"

தினகரன் ஹேமநாதனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"சார்... நீங்களாவது சொல்லுங்களேன்!"

"நான் என்னத்தப்பா சொல்றது? ஏப்ரல்ல வெரிஃபை பண்ண நானே நேர்ல போனேன் மேடம். என் கண்ணு முன்னாடிதான் அந்தம்மா கையெழுத்துப் போட்டாங்க. இவன் இப்படிப் பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்?"

தினகரன் நிமிர்ந்தான்.

அந்தம்மா கையெழுத்துப் போட்டாங்களா...?

உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை போனால் ஃபிளாட் போகும். சொல்லாவிட்டால்... ஜெயில்!

நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மேடம்... நாகம்மாளுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது!"

"என்னது?"

"கைநாட்டுதான். வாடகை அக்ரிமென்ட்லகூட கட்டை விரல்தான் வெச்சாங்க. கைநாட்டு ரசீதைக் குடுத்தா ஆபீஸ்ல சிரிப்பாங்கன்னு... ஆரம்பத்துலேர்ந்து நானே கையெழுத்துப் போட்டுட்டேன். அந்த வளைவு, அந்தச் சுழி... எல்லாம் என் கற்பனை மேடம்!"



ஜெயப்பிரியா மெல்ல எழுந்தாள்.

"அப்ப இந்த லெட்டர்ல இருக்கறதும் உங்க கைதான். தற்கொலைக் கேஸ் இல்ல... கொலைக் கேஸ்!"

"ஐயோ மேடம்! என்னை மாட்டிவிட நானே லெட்டர் எழுதுவேனா?"

"எழுத மாட்டீங்க." அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். டிராயரைத் திறந்து ஒரு பாங்க் பாஸ்புக்கை எடுத்தாள். போட்டோவுக்குக் கீழே நீல மையில் கட்டை விரல் ரேகை! "வீட்டுல கிடைச்சது. கைநாட்டுன்னு காலையிலேயே தெரியும். பொய்க் கையெழுத்தை நிஜம்னு நம்பி காப்பியடிச்ச புத்திசாலி யாருன்னுதான் தெரியாம இருந்தது. பாவம், 'என் கண்ணு முன்னாடி போட்டாங்க'ன்னு அவரே சொல்லிட்டார்!"

ஹேமநாதனின் நாற்காலி கிரீச்சிட்டது.

வாசலில் இருதயராஜ் குறுக்கே வந்து நின்றார்.

"இன்னா அண்ணாத்தே அவசரம்? உனுக்கும் சேர்த்து டீ சொல்லிகீறேன். குந்து!"

ஜெயப்பிரியா வருமான வரி நோட்டீஸை மேஜையில் போட்டாள்.

"நாகம்மாளுக்கு வந்த நோட்டீஸ். ஒரே வருஷத்துல நாப்பத்திரண்டு லட்சம் வாடகை வாங்கி மறைச்சாங்களாம்! உங்க பங்கு மூணு லட்சம் தினகரன். மீதி யாரு தெரியுமா? அந்த ரெண்டு ரூம் போர்ஷன்ல, கணக்குப்படி, பதினாலு பேர் குடியிருக்காங்க. பதினாலு பேரும் உங்க கம்பெனி!"

"பதினாலா...!"

"உங்க ரசீதுலேர்ந்து பான் நம்பரைத் திருடி, பொய் ரசீது தயாரிச்சு, பதிமூணு பேருக்குக் கமிஷனுக்கு வித்திருக்கார் இவர். அத்தனை ரசீதுலயும் இதே கையெழுத்தைப் போட்டுப் போட்டுக் கை நல்லாப் பழகிடுச்சு. என்ன ஹேமநாதன் சார்? நுரையீரல்ல சொட்டுத் தண்ணி இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். மூச்சு நின்ன பிறகுதான் கிணத்துக்குள்ள போயிருக்காங்க!"

ஹேமநாதன் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"நோட்டீஸைத் தூக்கிக்கிட்டு அந்தம்மா ஆபீஸ் கேட்டுக்கே வந்துடுச்சு மேடம்... முதலாளியப் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னுது... வீட்டுல வந்து பேசறேன்னு அனுப்பி வெச்சேன். ராத்திரி நான் போனா, விடிஞ்சதும் வரி ஆபீசுக்குப் போறேன்னுது... கழுத்தை... கழுத்தை..."

இருதயராஜ் அவரைத் தோளில் தட்டி எழுப்பி உள்ளே நடத்திப் போனார்.

தினகரன் நீளமாய் மூச்சு விட்டான்.

"மேடம்... நான் வீட்டுக்குப் போலாமா?"

ஜெயப்பிரியா பேனாவைத் திறந்தாள். வெள்ளைத்தாள் ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தாராளமா! வாக்குமூலத்துல அட்ரஸ் எழுதணும். எந்த வீட்டுக்குப் போறீங்க... வங்கிக்குக் காட்டின சொந்த வீட்டுக்கா, ஆபீசுக்குக் காட்டின வாடகை வீட்டுக்கா?"