அர்ஜென்டினா போன பதினான்கு பேர்

"லா பெர்மேஹா இரும்புச் சுரங்கத்தின் கிளை ரயில்பாதையில், தொண்ணூறு ஆண்டுகளில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தியதில்லை" என்று கம்பீரமாகத் தொடங்குகிறது தோன் லெயாந்த்ரோ எழுதிய வரலாறு. ஆதாரம் கம்பெனிப் பதிவேடு. தாது ஏற்றும் ரயில்பெட்டிக்கடியில் நசுங்கிய, பெட்டியில் உட்கார்ந்து பிரேக் பிடிக்கும் பிரேக்காரர்கள் பதினான்கு பேரும், அந்தப் பதிவேட்டின்படி வேலையை விட்டுவிட்டு அர்ஜென்டினா போயிருந்தார்கள்.

அந்த வரியைச் செதுக்கிய கல்லை மேயர் திறக்கும் நாள் அது. குகைப்பாதையின் மேல்வாயில் நின்ற பழைய தாதுப் பெட்டியில், பிரேக்காரர் இருக்கையில், படம் எடுத்துக்கொள்ள ஏறி உட்கார்ந்தார் தோன் லெயாந்த்ரோ. பிரேக்கின் இரும்பு வளையம் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கையை எடுத்ததுபோல.

கீழே கசில்தா நின்றாள். ரயில்வே கேட் காவல்காரி.

"ஐயா, அந்த வரிய எடுத்திருங்க. எங்கப்பாவும் அந்தப் பதினாலுல ஒருத்தரு."

"அர்ஜென்டினா போனாரே, அவரா?"

"ஆமா. ஒரு காலை மட்டும் எங்கம்மாகிட்ட விட்டுட்டுப் போனாரு. கப்பல்ல இடம் பத்தல போல."

"கல்லுல செதுக்கியாச்சும்மா."

"அப்ப அவங்ககிட்டயே சொல்லிக்குங்க." போய்விட்டாள்.

குகையின் மறுமுனையில், சரிவின் அடியில், விழா மேடையருகே வாத்தியக்குழு ஒத்திகை பார்க்கும் சத்தம் காற்றில் வந்தும் போயும் கொண்டிருக்க, ஈர இரும்பும் மலிவுப் புகையிலையும் பழைய வியர்வையும் கலந்த வாடை இருட்டிலிருந்து கசிந்துவர, அவருக்குப் பின்னால், வேறு பெட்டியே இல்லாத தண்டவாளத்தில், யாரோ சுத்தியலால் சக்கரம் சக்கரமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே நெருங்குவது கேட்டது.

சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டை தெறித்து விழுந்தது.

பெட்டி உருண்டது. வளையத்தை முறுக்கினார். அசையவில்லை. இருட்டு. அவர் கைகளின் மேல் வேறு கைகள். செம்மண் படிந்தவை. ஒன்றில் மூன்றே விரல்கள்.

"திருத்திடறேன்! அந்த வரிய எடுத்திடறேன்!"

காதருகே சூடான மூச்சு. "கல்லுல செதுக்கியாச்சாமே, ஐயா."

அவர் விரல் ஒன்று முறிந்தது. அடுத்தது. பிறகு கால்களைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். சக்கரத்தை நோக்கி. நிதானமாக.

பெட்டி குகையிலிருந்து மெல்ல வெளியே வந்து, மேடைக்கு நேராக, குறித்துவைத்த இடம்போல ஒழுங்காக நின்றது. மேயர் கைதட்டினார். இருக்கை காலி. வளையத்தை அவருடைய இரண்டு கைகள் மட்டும், மணிக்கட்டு வரை, இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தன. நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் குழு பாட்டை முழுதாக வாசித்து முடித்தது.

இரண்டாம் பதிப்பில் முதல் வரி அப்படியே இருக்கிறது. ஆசிரியர் தற்போது அர்ஜென்டினாவில் வசிப்பதாகப் பின்னட்டையில் போட்டிருக்கிறார்கள்.