றுஷ்னாவின் அனுமதி

மூன்று மணித் தேத்தண்ணியில் ஒரு கோப்பை குறைந்திருந்தது. தினமும் ஐந்து பேருக்கும் ஊற்றுகிற ஒஸ்வால்ட், இன்று நாலை மட்டும் வைத்துவிட்டு, தட்டை ஏந்தியபடி றுஷ்னாவின் மேசையை வெறும் மேசைபோலச் சுற்றிக்கொண்டு போனார். அவள் கை நீட்டியபடியே இருந்தாள். நல்லா வேணும் என்று ஜனாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது? வெள்ளவத்தையில் இந்த மாடியறை மென்பொருள் கம்பெனியை ஆறு வருசமாக இழுத்து வந்தவன் அவன். ஏஐ எழுதித் தள்ளிய மென்பொருள் சிக்கெடுக்க முடியாமல் கிடந்தபோது, எந்தப் பகுதி எதைத் தொடலாம் என்று விதி போட்டுப் பெயர் வாங்கியவள் நேற்று வந்த றுஷ்னா. விதியை மீறினால் ஒரு வரிகூட ஓடாது. விதியை மாற்றவோ அவள் அனுமதிக்க வேண்டும். முதலாளி அவளைப் புகழ்ந்து ஓய்வதில்லை.

இங்கே மென்பொருளின் ஒவ்வொரு பகுதிக்கும் அதைக் கவனிப்பவரின் பெயர்தான் வைப்பார்கள். காலையில் ஜனா ஒரு விதி சேர்த்தான்: றுஷ்னாவை எதுவும் தொடக்கூடாது, றுஷ்னாவும் எதையும் தொடக்கூடாது. திங்கட்கிழமை வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்டும்போது அவள் பகுதி செத்துக் கிடக்கட்டும். அவள் வாசித்தும் பார்க்கவில்லை. "நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும், ஜனா அண்ணா" என்று சிரித்தபடி அனுமதித்தாள்.

"றுஷ்னாவுக்குத் தேத்தண்ணி இல்லையா?" என்று இப்போது சும்மா கேட்டான்.

"யாருக்கு தம்பி?" என்றார் ஒஸ்வால்ட்.

கடற்பக்க யன்னலில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கீழே ரயில் போன அதிர்வில் கோப்பைகள் கிலுகிலுத்தன, நாலும். றுஷ்னா முதலாளியின் முன்னால் நின்று கதைத்தாள். அவர் அவளுக்கூடாகச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் உம்மாவுக்கு ஃபோன் எடுத்தாள். திரும்பவும் எடுத்தாள். பிறகு ஜனாவிடம் வந்தாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

அவன் அந்த விதியை அழித்தான்.

றுஷ்னாவின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது என்றது திரை.

"பிள்ளை, இதை அனுமதியும். கெதியா." அவள் கையைப் பிடிக்கப் போனான். பிடிக்க ஒன்றும் இல்லை.

"ஜனா, ஆரோட கதைக்கிறீர்?" என்றார் முதலாளி.

ஆருமில்லை. கதிரை வெறுமை. அவளுடைய கீபோர்டில் மட்டும் ஒரு கட்டை அமிழ்ந்தது. இன்னொன்று. பிறகு எல்லாம், வேகமாக, விடாமல். திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை.