மடங்காத நாற்காலி

கேலரி வளைந்து முடிகிற கோடியில் ஒரு நாற்காலி மட்டும் மடங்காமல் விரிந்து கிடந்தது. ஆள் உட்கார்ந்தால் ‘டக்’கென்று கீழே இறங்கி, எழுந்துகொண்டால் தானாக மேலே போய் முதுகோடு ஒட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் நாற்காலிகள் அவை. ஆளில்லாத மைதானத்தில் மற்றதெல்லாம் ஒழுங்காக மடங்கி நிற்க, அது ஒன்று மட்டும் யாரையோ சுமந்துகொண்டிருப்பதுபோல் இறங்கியிருந்தது. ஸ்பிரிங் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார் சின்னவர். லிஃப்ட் பழுதுபார்த்தே தலை நரைத்த மனிதருக்கு ஸ்பிரிங் போவதெல்லாம் ஒரு செய்தியே இல்லை.

அவருக்கு உடம்பெல்லாம் அலுப்பு. நேற்று ராத்திரி ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டோடு மல்லுக்கட்டிவிட்டு, பகலிலும் கண்ணை மூட முடியாமல், சாயங்காலம் இங்கே வந்திருக்கிறார். இன்று விட்டால் நாளைக்கு இல்லை. போன வாரம் இங்கே கால்பந்து கிளப்பின் கடைசி ஆட்டம் முடிந்தது, வழக்கம்போலத் தோற்றும் ஆயிற்று. பழைய ரசிகர்கள் அவரவர் நாற்காலியைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று கிளப்பில் சொல்லியிருந்தார்கள். நாளைக் காலையில் மைதானத்தை இடிக்கிற இயந்திரங்கள் வந்துவிடும்.

கேட்டைத் திறந்துவிட்ட காவலாளியும் அவசரப்படுத்தினார். “கரண்ட்ட எடுத்துட்டாங்க சார். இருட்டுறதுக்குள்ள வேலைய முடிச்சிருங்க. நான் டீ குடிச்சுட்டு வர்றேன். வெளிய போறதுக்கு, ஒவ்வொருத்தரா தள்ளிட்டுப் போற இந்தச் சுத்துற கம்பி திறந்துதான் இருக்கு.”

சின்னவர் என்பது இந்த கேலரி வைத்த பெயர். அவருடைய அண்ணன் பெரியவர். இருவரும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இங்கே அக்கம்பக்கமாக உட்கார்ந்தவர்கள். பெரியவர் போன மழைக்காலத்தில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். “வீட்ல உக்காந்தத விட அவர் அங்கதான் அதிகமா உக்காந்திருக்கார்” என்றார் அண்ணி நேற்று போனில். “அந்த நாற்காலியையாவது என்கிட்ட கொண்டு வந்து குடுத்துருங்க தம்பி.”

கேட்டுக்கு வெளியே காரில் மகள் காத்திருந்தாள். மனைவி போனபிறகு வீட்டில் அப்பாவும் மகளும்தான். “சீக்கிரம் வாங்கப்பா. உங்க மூஞ்சியப் பார்த்தா எனக்கே தூக்கம் வருது” என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டாள். பந்து என்றாலே அவளுக்கு ஆகாது. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தின்றது இந்த மைதானம்தான் என்ற கோபம் சின்ன வயதிலிருந்தே உண்டு.

அண்ணனுடைய நாற்காலிக்கு அடியில் மண்டிபோட்டு, ஸ்பேனரை போல்ட்டில் மாட்டித் திருகினார். துரு விடுவேனா என்றது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுவிட்டுக் காத்திருந்தபோது, கீழே புல்லிலிருந்து ஈரமும், கூரைத் தகரத்திலிருந்து பகல் வெயிலின் மிச்சச் சூடும், எங்கிருந்தோ லேசாக சிகரெட் புகையும் ஒன்றாகக் கலந்து வந்தன. புகை, ஆட்டத்தின் இடைவேளையில் வருகிற அதே புகை. காவலாளி கேட் பக்கம் நின்று பிடிக்கிறார்போல என்று நினைத்தார். காற்று எதிர்த்திசையில் வீசிக்கொண்டிருந்தது என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

‘டக்.’

தலையைத் தூக்கிப் பார்த்தார். வளைவில் இப்போது இரண்டு நாற்காலிகள் இறங்கியிருந்தன. இல்லை, அதற்கு முன்வரிசையிலும் ஒன்று. மங்குகிற வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தபோது அந்த இடங்கள் யாருடையவை என்று தானாகவே மனதில் ஓடியது. கோடியில் இருப்பது தபால்காரர் இடம். பக்கத்தில் பல் டாக்டர். முன்வரிசையில் குடை ரிப்பேர் செய்கிறவர், கோல் விழுந்தால் குடையை விரித்து ஆடுவாரே, அவர். மூவரையும் சின்னவர் மாலையோடு கிடத்திப் பார்த்தாயிற்று.

தூக்கம் கெட்டால் கண் இல்லாததையும் பொல்லாததையும் காட்டும் என்று தன்னையே அதட்டிக்கொண்டு குனிந்தார். போல்ட் அசைந்தது. ஒன்று கழன்றது. இரண்டாவதும் இளகியது. முதுகுக்குப் பின்னால் ‘டக்.’ இடப்பக்கம் ‘டக், டக்.’ ஆட்டத்துக்குக் கூட்டம் வந்து நிறையும்போது கேட்கிற சத்தம்தான். ஆனால் அப்போது செருப்புச் சத்தம் இருக்கும், இருமல் இருக்கும், தள்ளி உட்காருங்க என்ற பேச்சு இருக்கும். இப்போது நாற்காலிகள் மட்டும் இறங்கின. எண்ணெய்க் கையிலிருந்து ஸ்பேனர் நழுவிப் படியில் விழுந்து உருண்டது.

கடைசி போல்ட்டைக் கையாலேயே திருகியபோது அண்ணனின் நாற்காலி மெதுவாக இறங்கியது. அடியிலிருந்து உள்ளங்கையால் தாங்கிப் பார்த்தார். தாங்க முடியவில்லை. கனம். அண்ணன் தடித்த உடம்புக்காரர்.

ஓடத்தான் வேண்டும். கால் ஓடவில்லை. பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக எலும்பு வரைக்கும் இறங்கிய அசதி இன்னொரு பக்கம். சின்னவர் தன் இடத்தில், அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கேலரி முழுக்க இறங்கிய நாற்காலிகள். அவர் அறிந்தவர்கள், அவர் அறியாத பழையவர்கள், அவர் பிறக்கும் முன்பே இங்கே தொண்டை கிழியக் கத்தியவர்கள். எல்லோரும் இருட்டுகிற மைதானத்தைப் பார்த்து, எதற்கோ காத்துக்கொண்டு.

எதற்கு என்று அவருக்குத் தெரிந்தது. இந்த கேலரிக்கென்று ஒரு பழக்கம் உண்டு. விசில் ஊதியதும் மற்ற பக்கத்து ஆட்கள் அடித்துப்பிடித்து வாசலுக்கு ஓடுவார்கள்; இங்கே ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். தோற்ற துக்கம் அடங்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “சரி, வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்” என்று குரல் கொடுப்பார். அதன்பிறகுதான் மொத்த கேலரியும் எழும். அவர் போனபிறகு அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒவ்வொருவராக நழுவிப் போனார்கள். கடைசி ஆட்டத்தன்றும் யாரும் சொல்லவில்லை. சின்னவரும் சொல்லவில்லை.

பாவம், உட்கார்ந்தே இருக்கிறார்கள். நாளைக்கு இயந்திரம் வரும்.

எழுந்தார். குரல் அண்ணனுடையதுபோலவே வந்தது.

“சரி, வாங்கப்பா. வீட்டுக்குப் போலாம்.”

ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு கேலரியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும், தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டியதுபோல், அத்தனை நாற்காலிகளும் மடங்கி மேலே போயின. அண்ணனின் நாற்காலியும்தான். சின்னவருக்குக் கண்ணில் நீர் கட்டியது. நல்ல காரியம் செய்தோம் என்று நிறைவாகக்கூட இருந்தது. கழன்ற நாற்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். ஈரக் குடையும் வியர்வையும் புகையும் அவரைச் சுற்றிக்கொண்டு கூடவே இறங்கின.

பாதிப் படியில் போன் அடித்தது.

“அப்பா, வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சு” என்றாள் மகள். “பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லிக் கத்திட்டே இருக்கு. சீட்ல ஒண்ணுமே இல்ல.”

சின்னவர் நின்றார். சுற்றியிருந்த வாசனை நிற்கவில்லை. அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் அந்த வார்த்தையைச் சொன்ன நாட்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது. இவர்களுக்கு ஏது வீடு. இருந்த ஒன்றும் நாளைக்கு இல்லை. வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டது இவர்தான், அவர்கள் போகிறதும் இவர் வீட்டுக்குத்தான்.

“இறங்குமா. வண்டிய விட்டு இறங்கு.”

“ஏன்பா? கண்ணாடியெல்லாம் உள்பக்கம் பனி பிடிக்குது. ஏசி கூடப் போடல. ஒரே புழுக்கமா…” சத்தம் இரைச்சலாகி அறுந்தது.

நாற்காலியைப் போட்டுவிட்டு ஓடினார். வாசலில் அந்தச் சுழல் கம்பி. சுற்றிக்கொண்டிருந்தது. யாருமில்லை. சுற்றியது. கிரீச், கிரீச், கிரீச். இடையில் புகப் பார்த்தார். ஏதோ ஒரு தோள் அவரைப் பின்னுக்குத் தள்ளியது. கோபமில்லாமல். வரிசையில் முந்துகிறவரைத் தள்ளுவதுபோல்.

“அவள விட்டுடுங்கப்பா. அண்ணே.”

கிரீச்.

கம்பிகளுக்கு அந்தப் பக்கம், தெருவிளக்கின் அடியில் கார் நின்றது. பின்பக்கம் தாழ்ந்திருந்தது. ஆள் ஏற ஏற லிஃப்ட் எப்படி இறங்கும் என்று காலமெல்லாம் பார்த்தவருக்கு அது என்னவென்று தெரிந்தது. கம்பி ஒரு சுற்று சுற்றும். கார் ஒரு விரல்கடை இறங்கும். கதவு எதுவும் திறக்கவில்லை. டயர் பிதுங்கியது. பின்கண்ணாடியில் பனி, அதில் உள்ளிருந்து அழுந்திய நெற்றிகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

முன்கண்ணாடி மட்டும் இன்னும் தெளிவாக இருந்தது. மகள் போனைக் காதில் வைத்து அப்பாவுக்கு மறுபடி அடித்துக்கொண்டிருந்தாள். அவர் பையில் ஒலித்தது. கையில் எடுப்பதற்குள் கம்பி இன்னொரு சுற்று சுற்றியது. அவள் தலையைத் தூக்கவில்லை. பஸ்ஸில் நெருக்கும்போது செய்வதுபோல், தன்னையறியாமல், கதவோரமாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.